வாயில் திறந்தால் போதுமா?

பள்ளியின் வாயில் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்க வேண்டும். மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், குறைபாட்டைக் காரணம் காட்டி எவரையும் பொதுக் கல்வியிலிருந்து விலக்கக் கூடாது என்கிறது. சிறப்புத் தேவையுடைய மாணவர் எவரையும் திருப்பி அனுப்பாத கொள்கையைக் கல்வி அமைச்சு 2019ஆம் ஆண்டு முதல் நடைமுறைப்படுத்தி வருகிறது.

ஆனால், பள்ளியில் பதிந்துகொள்வது முதற்படி மட்டுமே. வகுப்பில் தனித்து ஒதுங்கியிருக்கும் மாணவர் பள்ளிக்கு வந்தும் வராதவரே.

சுங்கைப் பட்டாணியிலும் அதன் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளியில் பயின்றவர்கள், இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் பெரும்பாலான பாடங்களை மலாய்மொழியில் படிக்கத் தொடங்குகின்றனர். பாடம் புரியாமல் அமர்ந்திருக்கும் தவிப்பு அவர்களில் பலருக்குத் தெரியும். சிறப்புத் தேவையுடைய நண்பரின் நிலையை உணர அந்த அனுபவமே உதவும்.

உதவி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. செவித்திறன் குறைந்தவரிடம் முகம் பார்த்துத் தெளிவாகப் பேசலாம், குறிப்புகளைப் பகிரலாம். எழுத்துகளை வாசிக்கத் தடுமாறுபவருக்கு வினாவை வாசித்துக் காட்டலாம். சக்கர நாற்காலியில் வருபவரின் வகுப்பைக் கீழ்த்தளத்தில் அமைக்குமாறு ஆசிரியரிடம் கேட்கலாம். குழு வேலையில் அவர்களுக்கும் பொறுப்புத் தரலாம். ஆனால், என்ன உதவி வேண்டும் என்பதை முதலில் அவர்களிடமே கேட்க வேண்டும். இரக்கம் அவர்களைத் தாழ்த்தும். தோழமையே அவர்களைச் சமமாக நிறுத்தும்.

பள்ளியின் வாயிலைச் சட்டம் திறந்துவிட்டது. வகுப்பில் இடம் தர வேண்டியவர்கள் மாணவர்களாகிய நாமே.