மென்பொருட் பொதிகளைப் பேணுதலும் குழு உறுப்பினர் பொறுப்பும்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை வட்டங்களிலும் தமிழ் வழியிற் கற்பிக்கும் பள்ளிகள் உள்ளன. கேரள அரசுப் பள்ளிகளின் கணினிகளுக்குக் கைட் நிறுவனம் வழங்கும் இயங்குதளம் லினக்ஸ் வகையைச் சேர்ந்தது. அது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. உபுண்டுவோ தன் பொதிகளிற் பெரும்பாலானவற்றை டெபியனிடமிருந்து பெறுகிறது. ஆகவே, மறையூர் மாணவன் திரையிற் காணும் தமிழ் எழுத்து, பல கைகள் மாறி அவனை அடைகின்றது.

பொதி என்பது நிரல், அதற்குத் துணையாக வேண்டிய பிற நிரல்களின் பட்டி, நிறுவும் முறை, உரிமக் குறிப்பு ஆகியவற்றை ஒருங்கே கட்டியதாகும். நிரலை இயற்றியவர் வேறு, பொதியைப் பேணுபவர் வேறாக இருத்தலே பெரும்பான்மை வழக்கு. புதிய பதிப்பைச் சோதித்துச் சேர்த்தல், பழுது அறிக்கைகளுக்கு விடையிறுத்தல், பாதுகாப்புக் குறைகளை விரைந்து நீக்குதல் ஆகியன பின்னவருடைய கடமைகள். தாம் செய்யும் திருத்தத்தை மூல ஆசிரியரிடம் காட்டி ஒப்புதல் பெறுதல் இவற்றினும் முக்கியமானது. 2006-இல் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் பொதியில் மட்டும் செய்யப்பட்ட ஒரு சிறு திருத்தம், இரகசியத் திறவுகோல்களை எளிதில் ஊகிக்கத்தக்கனவாக ஆக்கிவிட்டது. அது வெளிப்பட்டது 2008 மே மாதத்திலேதான்.

டெபியன் 1993-இல் தொடங்கிய தன்னார்வலர் திட்டம். அங்கு எழுத்துருக்கள் போன்ற இனப் பொதிகளைக் குழுக்கள் பேணுகின்றன. எனினும், பொறுப்பு குழுவின் பெயரில் இருந்தாலும் தனி மனிதர் ஒருவரின் பெயரேனும் பதிவேற்றுவோர் வரிசையில் இடம்பெறல் வேண்டும் என்பது விதி. ஊர்ப் பொதுக் கிணற்றுக்கு நேர்வது பொதிக்கும் நேரலாம் போலும்!

ஒருவரே சுமக்கும் பொறுப்பின் அபாயத்தை எக்ஸ்இசட் என்னும் சுருக்கு நிரலின் வரலாறு காட்டும். நெடுங்காலம் தனியொருவராகப் பேணிவந்தவர் களைப்புற்றிருந்தார். 2021 முதல் ஒருவர் பயனுள்ள திருத்தங்களை அனுப்பி நம்பிக்கையைப் பெற்றார்; அறிமுகமற்ற சிலர், பொறுப்பைப் பகிருமாறு மூத்தவரை நெருக்கினர். இணைப் பராமரிப்பாளராகிய அப்புதியவர், 2024-இல் 5.6.0, 5.6.1 பதிப்புகளிற் கள்ளவழி ஒன்றை மறைத்து வைத்தார். தொலைக்கணினியுள் நுழைய அரை விநாடி கூடுதலாவதைக் கண்டு ஐயுற்ற பொறியாளர் ஒருவர், 29 மார்ச் 2024 அன்று அதனை வெளியிட்டார். டெபியனின் சோதனைக் கிளைகளை அடைந்திருந்த அப்பதிப்புகள் நிலையான வெளியீட்டை அடையவில்லை.

டெபியன் உறுப்பினராக விழைபவரின் மின்திறவுகோலை, ஏற்கெனவே உறுப்பினராயுள்ளோர் அவரது அடையாளத்தைச் சரிபார்த்து ஒப்பமிடுதல் வேண்டும். அவரது முந்தைய பணியும் ஆராயப்படும். ஆளை அறிவதால் மட்டும் அவர் நோக்கத்தை அறிந்ததாகாது. ஆயினும் இது பயனற்ற தடையன்று. 2023 செப்டம்பரில் டெபியனின் ஆண்டு மாநாடு கொச்சியிலேயே கூடியது.

விலகுவதற்கும் முறையுண்டு. உதவி வேண்டுவோர் கேட்கலாம். வேறொருவர் ஏற்குமாறு அறிவிக்கலாம். இயலாவிடின் பொதியை அநாதை என அறிவித்துத் தரக்குழுவிடம் விடலாம். சொல்லாமலே ஒதுங்குவதுதான் தீங்கு. பெயர் மட்டும் பட்டியலில் நிற்பதால் பிறரும் அணுகத் தயங்குவர். அத்தகைய பொதியை மீட்க விரும்புவோர் முன்னறிவிப்பு இட்டு 21 நாள் காத்திருத்தல் வேண்டும்.

தமிழ் எழுத்துருவைப் பேணுபவர் தமிழ் படிக்கத் தெரியாதவராகவும் இருக்கலாம். "கொ" என்னும் எழுத்தின் இரு குறிகளும் மெய்யெழுத்தின் இருபுறமும் அமையாது, புள்ளி வட்டம் தோன்றினால், அதனைக் கொழிஞ்சாம்பாறை ஆசிரியர் நொடியில் கண்டுகொள்வார். அவர் வேறு எழுத்துருவைத் தம் கணினியில் மட்டும் நகலிட்டால், இயங்குதளத்தை மீண்டும் நிறுவும்போது அது மறைந்துபோகும். பொதியின் பெயர், பதிப்பெண், பிழையான சொல், திரைப்படம் ஆகியவற்றுடன் அறிக்கையிடுதலே தக்கது. அவ்வறிக்கை முதலில் இயங்குதளத்தை வழங்கியோர்க்கும், பிழை மூலப் பொதியிலேயே உளதெனத் தெரிந்தால் டெபியனின் பழுதுப் பதிவேட்டுக்கும் செல்லுதல் வேண்டும்.