தடுப்பூசித் தயக்கத்தை ஆராயப் போகும் மாணவர்களுக்கு

ஐ.சி.எம்.ஆரின் குறுகிய கால ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்க என்னிடம் யோசனை கேட்டு வரும் எம்.பி.பி.எஸ். மாணவர்களில் பலர், தடுப்பூசித் தயக்கத்தையே தலைப்பாகச் சொல்கிறார்கள். நல்ல தலைப்புதான். ஆனால் கையில் இருப்பது இரண்டே மாதம். எங்கே, யாரிடம் கேட்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

மருத்துவமனை வரிசையில் நிற்பவர்களிடம் வினாத்தாளை நீட்டுவது சுலபம். ஆனால் அவர்கள் ஊசிக்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். வராதவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். தவணை தவறிய குழந்தைகள் யார் யார் என்பது கிராம சுகாதார செவிலியருக்குத் தெரியும். உரிய அனுமதி பெற்று, அவரோடு தெருவுக்குள் போங்கள்.

ஊசி போடாததற்கெல்லாம் பயம்தான் காரணம் என்ற முடிவோடு போகாதீர்கள். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்டுக்கொண்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் ஊருக்குள் வந்து ஊசி போடுவது நின்றது. ஆரம்ப சுகாதார நிலையத்தில், மருத்துவர் முன்னிலையில்தான் என்றானது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, எல்லாத் தடுப்பூசிகளும் போட்டுக்கொண்ட குழந்தைகள் தமிழகத்தில் 2005-06இல் சுமார் 81 சதவீதம். 2015-16இல் சுமார் 70. இந்தச் சரிவில் பயத்தின் பங்கு எவ்வளவு, பஸ் பிடித்துப் போய் ஒருநாள் கூலியை இழப்பதன் பங்கு எவ்வளவு? இரண்டையும் ‘தயக்கம்’ என்ற ஒரே கட்டத்தில் டிக் செய்தால், கூலியை இழக்க முடியாத தாய்க்கு உங்கள் ஆய்வு செய்யும் அநியாயம் அது. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் நம்பிக்கைக் குறைவு, நோய் வராது என்ற அசட்டை, எட்டாத வசதி என்று மூன்றாகத்தான் பிரித்திருக்கிறது.

கேள்வியை எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் பாதி ஆய்வு இருக்கிறது. “ஏம்மா ஊசி போடல?” என்றால் அது விசாரணை. உங்களை அனுப்பி வைக்க ஏதாவது ஒரு பதில் வரும். தடுப்பூசி அட்டையைக் காட்டச் சொல்லி, காலியாக இருக்கும் கட்டத்தில் விரல் வைத்து, “ஊசி போடுற அந்தப் புதன்கிழமை என்னாச்சும்மா?” என்று கேட்டுப் பாருங்கள். முதல் பென்டா ஊசிக்குப் பிறகு ராத்திரி முழுக்கக் காய்ச்சலில் பிள்ளை அழுதது, “இனிமே வேண்டாம்” என்று மாமியார் சொன்னது, அந்த வாரம் பிறந்த வீட்டில் இருந்தது என எல்லாம் வெளியே வரும். அவர் சொன்ன வார்த்தையையே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பாடப்புத்தகத் தமிழுக்கு மாற்றாதீர்கள்.

நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்காதீர்கள். வினாத்தாளைப் பத்துப் பேரிடமாவது சோதித்துப் பாருங்கள். புரியாத கேள்விகள் தானாகத் தெரியும்.

பேட்டியின் நடுவே பிரசங்கம் செய்ய ஆரம்பித்தால் அதற்குப் பிறகு வரும் பதில்கள் உங்களுக்குப் பிடித்த பதில்களாகத்தான் இருக்கும். முடியும்வரை கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். ஆனால் எதுவும் சொல்லாமல் எழுந்து வந்துவிடவும் கூடாது. தவணை தவறினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்பது பல தாய்மார்களுக்குத் தெரியாது. கிளம்பும் முன் அதைச் சொல்லி, அடுத்து எந்தப் புதன்கிழமை, எங்கே வர வேண்டும் என்பதைச் செவிலியரிடம் கேட்டு அட்டையில் குறித்துக் கொடுக்கச் செய்யுங்கள்.