பம்பு பாலை அளப்பதில்லை: தாய்ப்பால் பம்பு பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில் தாய்ப்பால் பம்பு, அதாவது மார்பிலிருந்து பாலை உறிஞ்சிச் சேகரிக்கும் கருவி, சில நூறு ரூபாய் விலையுள்ள கைப்பம்பு முதல் பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள மின்பம்பு வரை இன்று எளிதாகக் கிடைக்கிறது. எதற்காக அதை வாங்க வேண்டும் என்ற கேள்வி எழுவதற்கு முன்பே எந்த நிறுவனத்தின் பம்பு சிறந்தது என்ற கேள்வி எழுந்துவிடுவதால், கருவியைச் சுற்றித் தவறான நம்பிக்கைகள் எளிதில் வேர்விடுகின்றன. தாயும் குழந்தையும் பிரிந்திருக்க நேரும் காலத்தில் உதவும் கருவி அது. எவ்வளவு நேரம், எத்தனை நாள் பிரிவு என்பதுதான் தேர்வை முடிவுசெய்ய வேண்டும்.

நம்பிக்கை: பிள்ளை பெற்ற ஒவ்வொருவருக்கும் பம்பு வேண்டும்.

உண்மை: குழந்தை நேரடியாக மார்பில் குடித்து எடை கூடிவருகிறது, தாயும் உடனிருக்கிறார் என்றால் பம்புக்கு வேலையே இல்லை. பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக இறுகும்போதும், குழந்தை கவ்வ முடியாமல் திணறும்போதும், கையால் சிறிது பீய்ச்சிவிட்டாலே இறுக்கம் தளரும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் விளிம்பில் கட்டைவிரலை மேலும் மற்ற விரல்களைக் கீழுமாக வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றையொன்று நோக்கி அமுக்கித் தளர்த்துவதே முறை. காம்பை மட்டும் பிடித்து இழுத்தால் வலிதான் மிஞ்சும். முதல் இரண்டு மூன்று நாள்களில் சுரக்கும் சீம்பால் கெட்டியாகவும் சொட்டுக் கணக்கிலும் வருவதால், பம்பில் எடுத்தால் பெரும்பகுதி அதன் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். கையால் எடுத்தால் ஒரு துளியும் வீணாகாது. கரும்பு வெட்டவும் மணிலா பறிக்கவும் போகும் தாய்க்கு மின்சாரமும் செலவும் இல்லாத இந்த முறையே உற்ற துணை.

நம்பிக்கை: பம்பில் எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான் மார்பில் பால் இருக்கிறது.

உண்மை: இந்த ஒரு நம்பிக்கை விளைவிக்கும் தீங்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிது. பால் வெளிவருவதற்கு ஆக்சிடோசின் என்னும் இயக்குநீர் சுரந்து, பால் சுரப்பிகளைச் சுற்றியுள்ள நுண்தசைகளைச் சுருங்கச் செய்ய வேண்டும். குழந்தையின் வாயும் மணமும் அழுகையும் அதைத் தூண்டுவதைப் போல இயந்திரம் தூண்டுவதில்லை, வலியும் பதற்றமும் அதைத் தடுக்கவும் செய்கின்றன. பிறந்த முதல் நாளில் ஒரு வேளைக்குக் குழந்தைக்குக் கிடைக்கும் சீம்பால் சுமார் 2 முதல் 10 மில்லிலிட்டர் வரைதான். அந்த அளவே அதன் வயிற்றுக்குப் போதும். இதை அறியாத குடும்பத்தார் பம்புப் புட்டியின் அடியில் கிடக்கும் சிறிதளவு பாலைப் பார்த்து, "பால் பத்தல" என்று முடிவுகட்டிப் பால்மாவு வாங்குகிறார்கள். பால்மாவு குடித்த குழந்தை மார்பில் குறைவாகக் குடிக்கிறது. வெளியேறாத பால் மேற்கொண்டு சுரப்பதைக் குறைக்கிறது. இல்லாத குறை சில நாள்களில் உண்மையாகவே உண்டாகிவிடுகிறது. பால் போதுமா என்பதைக் குழந்தையிடம்தான் பார்க்க வேண்டும்: முதல் வாரம் முடியும்போது ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறதா, முதலில் சற்றுக் குறைந்த எடை ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குள் பிறந்தபோதிருந்த எடைக்குத் திரும்பிவிட்டதா என்பவையே நம்பத்தக்க அளவுகோல்கள். மரக்காணம் பக்கத்துக் கடலோர வீடுகளில் பால் ஊறட்டும் என்று அன்போடு ஆக்கிப்போடும் சுறாப் புட்டு தாய்க்கு நல்ல உணவு. ஆயினும் பாலைப் பெருக்குவது அடிக்கடி ஊட்டுவதும் மார்பை நன்றாகக் காலியாக்குவதுமே.

நம்பிக்கை: உறிஞ்சும் விசை கூடினால் பாலும் கூடும்.

உண்மை: தாய்க்கு வலி தராத அளவில் மிக உயர்ந்த விசையே சரியான விசை, அதைத் தாண்டினால் காம்பு புண்ணாகும், பாலும் குறையும். விசையைவிடக் கவனிக்க வேண்டியது, மார்பின் மேல் பொருந்தும் புனல் போன்ற பகுதியின் அளவு. காம்பின் அடிப்பகுதியை மில்லிமீட்டரில் அளந்து அதற்கேற்ற புனலை வாங்க வேண்டும். பெரிதானால் கருவட்டம் உள்ளே இழுபடும், சிறிதானால் காம்பு உராயும். பல அளவுப் புனல்கள் தனியே கிடைக்காத பம்பை வாங்காமல் இருப்பதே நல்லது.

நம்பிக்கை: அக்கா பயன்படுத்திய பம்பைக் கொதிநீரில் போட்டு எடுத்தால் போதும்.

உண்மை: பாலுக்கும் மோட்டாருக்கும் இடையே தடுப்பு இல்லாத திறந்த அமைப்புப் பம்பில் பாலும் ஈரமும் குழாய் வழியாக உள்ளே போய்த் தங்கும், அந்த இடத்தைக் கொதிக்கவைக்கவோ கழுவவோ வழியில்லை. மூடிய அமைப்பில் தடுப்புச் சவ்வு உண்டு என்றாலும், பலர் பயன்படுத்தலாம் என்று வடிவமைக்கப்பட்ட மருத்துவமனைப் பம்பைத் தவிர மற்றவற்றைப் பகிரக் கூடாது. மருத்துவமனைப் பம்பிலும் ஒவ்வொரு தாய்க்கும் தனிக் குழாயும் புனலும் வேண்டும். ரப்பர் குமிழை அமுக்கி உறிஞ்சும் பழைய வகைப் பம்பின் குமிழுக்குள் பால் புகுந்தால் சுத்தம் செய்ய முடியாது. அது விலை மலிவானது என்பதற்காக வாங்கவே கூடாது. சரியாகக் கழுவி உலர்த்தாத பம்பால் நேரும் ஆபத்துக்குச் சான்று உண்டு: 2016இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குறைமாதக் குழந்தை ஒன்றுக்கு ஏற்பட்ட குரோனோபாக்டர் என்னும் கடும் தொற்றின் கிருமி, பம்பின் பாகங்களிலும் கண்டறியப்பட்டது. பாகங்களைப் பாத்திரம் துலக்கும் தொட்டியில் போடாமல், அதற்கென ஒதுக்கிய பாத்திரத்தில் ஒவ்வொரு முறையும் சோப்பு நீரால் கழுவி, காற்றில் முழுதாக உலரவிட வேண்டும்.

நம்பிக்கை: எடுத்த பால் நான்கு மணி நேரம் வெளியில் இருக்கலாம்.

உண்மை: அந்தக் கணக்கு 25 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அறைக்கு உரியது. கத்திரி வெயிலில் விழுப்புரத்து வீடுகள் அந்த நிலையில் இருப்பதில்லை. அங்கே எடுத்த பாலை உடனே ஊட்டவோ குளிர்ப்பெட்டியில் வைக்கவோ வேண்டும். 4 டிகிரியில் நான்கு நாள் வரை அது கெடாது. உறைந்த ஐஸ் கட்டிப் பைகளோடு வெப்பம் புகாத பையில் 24 மணி நேரம் வரை வைக்கலாம். நீண்ட மின்வெட்டு உள்ள ஊர்களில் இந்தப் பை பம்பைவிட அவசியமானது. ஊட்டுவதற்குப் புட்டியும் வேண்டியதில்லை. பாலாடையோ சங்கோ போதும், அவற்றைக் கழுவுவதும் எளிது.

இரு மார்பிலும் ஒரே நேரத்தில் பால் எடுக்கும் இரட்டை மின்பம்பு உண்மையிலேயே பயன்படுவது, குறைமாதத்தில் பிறந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் பச்சிளங்குழந்தை சிகிச்சைப் பிரிவில் இருக்கும் குழந்தையின் தாய்க்குத்தான். பிறந்த முதல் சில மணி நேரத்துக்குள் தொடங்கி, இரவும் பகலுமாக நாளொன்றுக்கு எட்டு முறையாவது அவர் பால் எடுக்க வேண்டியிருக்கும். அதற்குப் பிறகும் போதாவிட்டால் கொடையாளர் பால் உண்டு. புதுச்சேரி ஜிப்மரில் 'அமுதம்' தாய்ப்பால் வங்கி 2016 முதல் இயங்கிவருகிறது.

திண்டிவனத்திலிருந்து சென்னைக்கோ புதுச்சேரிக்கோ வேலைக்குச் செல்லும் தாய்க்கு நல்ல மூடிய அமைப்புப் பம்பு ஒன்று போதும். அவருக்குக் குறைவது பம்பு அன்று, நேரமும் இடமுமே. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை பாலூட்ட நாள்தோறும் இரண்டு இடைவேளை என்னும் உரிமை 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்திலேயே இடம்பெற்றது. 2015இல் தமிழக அரசு மாநிலப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. பணியிடத்திலும் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையை அந்தத் தாய்மார் கேட்டுப் பெற வேண்டும். பம்புக்குப் பணம் கொடுக்கும் முன், கையால் பால் பீய்ச்சும் முறையைப் பிரசவ வார்டுச் செவிலியரிடம் கற்றுக்கொண்ட பிறகே ஒவ்வொரு தாயும் வீடு திரும்ப வேண்டும்.