ரெனே என்று கூப்பிடுவதற்கு முன்

ஜனக்புரி,
புது தில்லி.

அன்புள்ள அம்மாடி,

குழந்தைக்கு 'ரெனே' என்று பெயர் வைக்க மாப்பிள்ளை பிடிவாதமாக இருக்கிறார், மாமியாரோ வாயில் நுழையவில்லை என்கிறார், பெரியப்பா என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய். அதனால் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை நினைப்பதுபோல அது புத்தம் புதுப் பெயர் இல்லை. லத்தீனில் 'ரெனாட்டுஸ்' என்றால் மறுபடி பிறந்தவன். ஞானஸ்நானத்தையே மறுபிறப்பாகக் கருதிய ஆதிக் கிறிஸ்தவர்கள் விரும்பி வைத்த பெயர் அது. பிரான்சில் ஆன்ஜே என்ற ஊரில் இதற்கு ஒரு ஐதீகமும் உண்டு. ஞானஸ்நானம் பெறாமலே ஒரு பிள்ளை இறந்துபோக, அந்த வேதனை தாங்காத ஆயர் மொரில் ஊரைவிட்டே போய் இங்கிலாந்தில் தோட்டவேலை பார்த்தாராம். ஏழு ஆண்டு கழித்துத் திரும்பிவந்து கல்லறையில் மன்றாட, பிள்ளை உயிரோடு எழுந்தானாம். அவனுக்கு வைத்த பெயர்தான் ரெனே. மயிலாப்பூரில் பூம்பாவையைச் சம்பந்தர் எழுப்பிய கதையை உன் மாமியாருக்கு நினைவுபடுத்து. பாதிக் கோபம் போய்விடும்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் உச்சரிப்பு ஒன்றே. தத்துவஞானி தெகார்த்தும் ரெனேதான். 1510இல் பிறந்து, இத்தாலியில் ஃபெராரா சீமாட்டியாக வாழ்ந்து, மதச் சீர்திருத்தக்காரர் கால்வினுக்கு அடைக்கலம் தந்த பிரெஞ்சு இளவரசியும் ரெனேதான்.

பிரான்சில் 1803ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்காட்டியில் உள்ள பெயர்களிலிருந்தோ பழைய சரித்திரத்திலிருந்தோதான் பிள்ளைக்குப் பெயர் எடுக்க வேண்டியிருந்தது. 1993இல்தான் பெற்றோருக்குச் சுதந்திரம் கிடைத்தது. அதுவரை அங்கே ஒரு தலைமுறை முழுக்க ஒரே பெயர்கள் சுற்றிச்சுற்றி வந்தன. ரெனே 1920களில் வீட்டுக்கு வீடு ஒலித்த பெயர். இன்றைக்குப் பாரிஸில் ரெனே என்றால் கைத்தடி ஊன்றிய பாட்டியைத்தான் நினைப்பார்கள். நமக்கு அலமேலு, கனகவல்லி மாதிரி. அமெரிக்காவில் அது 1960களின் மோஸ்தர். நம் நாட்டில் அதைப் பலர் காதில் விழவைத்தவர் இதே தில்லியில் வளர்ந்த சுஷ்மிதா சென். 1994இல் பிரபஞ்ச அழகியானவர், 2000இல் கல்யாணமாகாமலே ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்து ரெனே என்று பெயரிட்டார். அந்தத் துணிச்சலுக்காகவே எனக்கு அந்தப் பெயர் மீது ஒரு மரியாதை உண்டு.

தமிழனுக்குப் பிரெஞ்சுப் பெயரா என்று யாராவது கேட்டால் புதுச்சேரியைக் காட்டு. 1881ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகு, சொந்தச் சாதி சமய வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப்பெயர் ஒன்றைப் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. அப்படித்தான் அங்கே பொன்னுத்தம்பிப் பிள்ளை என்பவர் லாப்போர்த் ஆனார்.

ஆக, பெயரில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எழுத்தில் கவனம் வை. ஆங்கில எழுத்தில் கடைசியில் இரண்டு 'இ' (e) வந்தால் பெண், ஒன்று வந்தால் ஆண். பிரெஞ்சில் அந்த எழுத்தின் தலையில் போடும் கோட்டுக்கு நம் படிவங்களில் இடம் கிடையாது. தில்லியில் பாதிப் பேர் 'ரெனீ' என்பார்கள், மீதிப் பேர் 'ரேணு' ஆக்கிவிடுவார்கள். ரேணு வேறு, சமஸ்கிருதம், தூசி என்று பொருள். ஆதாரில் ஹிந்தியிலும் பெயர் அச்சாகும் என்பதால் அதை எப்படி எழுதுவது என்பதையும் இப்போதே நீங்கள் இருவரும் பேசி முடிவுசெய்யுங்கள்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். குழந்தை எட்டாம் மாதமே பிறந்து இன்குபேட்டரில் கிடந்து பிழைத்ததால் மாப்பிள்ளைக்கு இந்தப் பெயர் பிடித்தது என்று எனக்குத் தெரியும். அந்தக் கதையை ஒவ்வொரு பிறந்தநாளிலும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். சாவிலிருந்து மீண்டவள் என்ற பாரத்தோடு ஒரு பெண் பள்ளிக்கூடம் போக வேண்டாம். ஜுரம் வந்தால் நீங்கள் நடுங்குவதையும், விளையாட அனுப்பத் தயங்குவதையும் அவள் தன் பெயரோடு சேர்த்தே புரிந்துகொள்வாள். கேட்கும் வயதில் கேட்டால் ஒருமுறை சொல்லுங்கள், போதும். மற்றபடி அது அவள் பெயர். உங்கள் வேண்டுதலின் ரசீது இல்லை.

பெயர் இல்லாமல் பிறப்பைப் பதிவுசெய்திருக்கிறீர்கள் அல்லவா? பதிவுசெய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டவேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். மாப்பிள்ளையை இந்த வாரமே நகராட்சி அலுவலகத்துக்கு அனுப்பு. இரண்டு 'இ' என்பதைக் காகிதத்தில் பெரிதாக எழுதிக் கொடுத்து அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா