பளபளப்பா, மேட்டா?

கேள்வி: வீட்டு உட்சுவர்களுக்கு எமல்ஷன் அடிக்கப் போகிறோம். எல்லா அறைக்கும் பளபளப்பான ரகமே போடலாம் என்கிறார் பெயின்டர். கணவருக்கு மேட்தான் பிடித்திருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் உங்கள் சுவரைப் பாருங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். பட்டி பார்த்ததில் உள்ள மேடு பள்ளம் எல்லாம் நிழலாகத் தெரியும். பளபளப்பான பெயின்ட் ஜன்னல் வெளிச்சத்தில் பகலிலேயே இதைக் காட்டிக்கொடுத்துவிடும். மேட் ஒளியைச் சிதறடிப்பதால் குறைகளை மறைக்கும். பின்னால் ஓரிடத்தில் மட்டும் தொட்டுப் பூசினாலும் திட்டாகத் தெரிவது குறைவு. ஆகவே ஹாலுக்கும் படுக்கையறைக்கும் என் ஓட்டு உங்கள் கணவருக்கே. சீலிங்கும் மேட்தான்.

ஆனால் மேட்டில் எண்ணெய்க் கறையை அழுத்தித் துடைத்தால் அந்த இடம் மட்டும் மினுங்கும். சமையலறை, குழந்தைகள் கிறுக்கும் சுவர், கைபடும் நடைவழி ஆகியவற்றுக்குப் பெயின்டர் சொல்வதுபோல் லேசான பளபளப்புள்ள, கழுவக்கூடிய ரகம் நல்லது. முழுப் பளபளப்பை, அதாவது எனாமலை, கதவு, ஜன்னல், கிரில்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்காவது ஓதம் இருந்தால் எந்த ரகம் அடித்தாலும் உப்புப் பூத்து உரியும். கசிவை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே பெயின்ட் வாங்குங்கள்.