மூலையில் வைத்த எஞ்சின் எதனால் கெடுகிறது?

மேற்கு வங்கத்தின் உத்தர்பாடா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி நின்றது 2014 மே மாதத்தில். அதே ஆண்டு ஜனவரியில் மாருதி 800 நின்றது. பிரீமியர் பத்மினி அதற்கு வெகு முன்பே போய்விட்டது. ஆனாலும் இந்த வண்டிகளைக் கைவிடாமல் வைத்திருப்பவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர். அவர்களில் முன்யோசனை உள்ளவர்கள் நல்ல எஞ்சின் ஒன்று கண்ணில் பட்டால் வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடையில் கிடைத்ததாக இருக்கும், அல்லது உடைத்த வண்டியிலிருந்து ஒதுக்கியதாக இருக்கும். போர் அடித்து, கிராங்க் கிரைண்டிங் செய்து, புது ரிங் போட்டுக் கட்டி, கார் ஷெட்டின் மூலையில் தார்ப்பாய் போர்த்தி வைத்துவிடுவார்கள்.

ஐந்தாறு வருடம் கழித்துத் தேவை வரும். தார்ப்பாயை விலக்கி, கிராங்க் முனையில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் அசையாது. “ஜாம் ஆயிடுச்சு சார். ஓட்டாம வச்சா இப்படித்தான்” என்பார் மெக்கானிக்.

இந்தத் தீர்ப்பில்தான் கோளாறு. சும்மா இருப்பதால் இரும்பு கெடுவதில்லை. எண்ணெய் போட்டு மூடி வைத்த பாட்டி காலத்துத் தையல் மிஷின் இன்றும் தைக்கிறது. இரும்பைத் தின்பது காற்றிலுள்ள ஈரம். பிரிட்டிஷ் ஆய்வாளர் டபிள்யூ. எச். ஜே. வெர்னன், புகை மாசு கலந்த காற்றில் இரும்பை வைத்து 1920களிலும் 30களிலும் செய்த சோதனைகள் ஒன்றைத் தெளிவாகக் காட்டின. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை துரு மெல்லத்தான் ஏறும். அந்த எல்லையைத் தாண்டியதும் அதன் வேகம் சட்டென்று கூடிவிடும். வடகிழக்குப் பருவமழை நாட்களில் சென்னையின் காலை நேர ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றோடு உப்பும் வருகிறது.

ஆக, ஸ்பேர் எஞ்சினைக் காப்பது என்றால் ஈரத்தை உள்ளே விடாமல் இருப்பதும், ஏற்கெனவே உள்ளே இருப்பதை வெளியேற்றுவதும்தான். பட்டறைகளில் கைமாறி வரும் யோசனைகளில் பல இதற்கு நேர் எதிரானதைச் செய்கின்றன.

“மாசம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓட விட்டா போதும்”

மிகப் பரவலான நம்பிக்கை இது. மிக அதிகமான எஞ்சின்களைக் கெடுத்ததும் அநேகமாக இதுதான். கேன் ஒன்றில் பெட்ரோல், பக்கத்தில் ஒரு பேட்டரி, ஸ்டாண்டில் எஞ்சின். பத்து நிமிடம் உறுமவிட்டு, நல்ல காரியம் செய்த நிறைவோடு அணைத்துவிடுவார்கள்.

அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது? பெட்ரோல் எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கும். ஐடிலிங்கில் மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கும் எஞ்சின் பத்து நிமிடத்தில் 150 மில்லிக்கு மேல் தண்ணீரை ஆவியாக உண்டாக்கிவிடும். பெரும்பகுதி சைலன்சர் வழியே போய்விடுகிறது. ஒரு பகுதி ரிங்குகளின் இடுக்கு வழியாக ஆயில் இருக்கும் அறைக்குள் இறங்குகிறது. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்து நீண்ட நேரம் ஓடினால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். பத்து நிமிடத்தில் ரேடியேட்டர் தண்ணீர் சூடாகலாம், ஆயில் சூடாகாது. அணைத்ததும் அந்த ஆவி குளிர்ந்து போர் சுவரிலும் கேமிலும் துளித்துளியாகப் படிகிறது. எரிபொருளின் கழிவு அமிலங்களும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. அடுத்த மாதம் இன்னொரு தவணை.

இதில் விமான எஞ்சின்காரர்களின் அனுபவம் பெரியது. பென்சில்வேனியாவில் சிறுவிமான எஞ்சின்கள் செய்யும் லைகாமிங் நிறுவனம், தரையில் சிறிது நேரம் ஓடவிடுவது பறப்பதற்கு ஈடாகாது, துருவைக் கூட்டவே செய்யும் என்று உரிமையாளர்களுக்குப் பல காலமாகச் சொல்லிவருகிறது. அவர்களுடைய கணக்கு கறாரானது: 30 நாளுக்கு ஒரு தடவையாவது, ஆயில் 74 முதல் 93 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும்படி, தொடர்ந்து ஒரு மணி நேரம் பறக்க வேண்டும். முடியாதென்றால் எஞ்சினை முறையாகப் பதப்படுத்தி மூட வேண்டும். ஷெட் மூலையில் இருக்கும் கார் எஞ்சினுக்கு இரண்டாவது வழிதான் உண்டு.

“அப்பப்போ கையால திருப்பி வச்சா ஜாம் ஆகாது”

பாதி உண்மை. ரிங் ஒரே இடத்தில் நின்று அங்கே துருப்பிடிப்பதைத் திருப்புவது தள்ளிப்போடலாம். ஆனால் எண்ணெய் விடாமல் திருப்பினால் ரிங்குகள் போர் சுவரில் மிஞ்சியிருக்கும் படலத்தையும் வழித்தெடுத்துவிடும். கேமுக்கும் டேப்பெட்டுக்கும் நடுவிலுள்ள ஆயிலும் பிதுங்கிப் போகும். ஸ்டார்ட் செய்யாத எஞ்சினில் அந்த இடங்களுக்குப் புது ஆயில் வந்து சேராது. விமான எஞ்சின்களின் புரொப்பெல்லரைக் கையால் சுற்றிவைக்கும் பழக்கத்தை லைகாமிங் வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். திருப்பியே ஆக வேண்டும் என்றால் முதலில் ஒவ்வொரு பிளக் துளையிலும் எண்ணெய் விட்டுவிட்டுத் திருப்ப வேண்டும்.

“மண்ணெண்ணெயோ டீசலோ ஊத்தி வை, இல்லன்னா ஸ்ப்ரே அடிச்சு விடு”

மண்ணெண்ணெய் கழுவுவதற்கு நல்லது. மெல்லியதாக இருப்பதால் வழிந்துவிடும், மிஞ்சியது ஆவியாகும், போகும்போது ஏற்கெனவே இருந்த ஆயில் படலத்தையும் கரைத்துக்கொண்டு போகும். டீசல் கொஞ்சம் தாமதமாக அதே வேலையைச் செய்கிறது.

ஸ்ப்ரே விஷயம் அவ்வளவு எளிதல்ல. இன்று பெட்டிக்கடை வரை வந்துவிட்ட டபிள்யூடி-40, 1953-இல் சான் டியேகோவில் ஒரு சிறிய ரசாயனக் கம்பெனியில் பிறந்தது. தண்ணீரை விரட்டும் திரவம் ஒன்றைத் தேடி நாற்பதாவது முயற்சியில் கிடைத்த கலவை என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். அட்லஸ் ஏவுகணையின் உலோகத் தோலைத் துருவிலிருந்து காக்க அது பயன்பட்டது. அதனால் துருவைத் தடுக்காது என்று சொல்ல முடியாது. ஆனால் அது விட்டுச்செல்லும் படலம் மிக மெல்லியது, சில வாரம், சில மாதக் காவலுக்கானது. நீண்டகாலக் காவலுக்கென்று அதே நிறுவனம் வேறொரு பொருளைத் தனியாக விற்கிறது.

வருடக்கணக்கில் வைக்கத் தேவைப்படுவது ஒட்டிக்கொண்டு நிற்கும் எண்ணெய். படகு எஞ்சின்களைக் குளிர்காலம் முழுதும் மூடிவைக்கும் நாடுகளில் ‘ஃபாகிங் ஆயில்’ என்று விற்பார்கள். இங்கே எண்ணெய் நிறுவனங்களின் தொழிற்சாலைப் பட்டியலில் ‘ரஸ்ட் பிரிவென்டிவ் ஆயில்’ என்று கேட்டால் கிடைக்கும். எஞ்சினுக்குள் விடத் தகுந்த வகைதானா என்பதை மட்டும் விசாரித்து வாங்க வேண்டும்; சில வகைகள் மெழுகுபோல இறுகிவிடும்.

சம்ப்பில் கிடக்கும் ஓடிய ஆயிலை அப்படியே விட்டுவைப்பதும் தவறு. கறுத்த ஆயிலில் எரிந்த கழிவின் அமிலமும் தண்ணீரும் கலந்திருக்கின்றன. “எப்படியும் ஓட்டும்போது மாத்தத்தானே போறோம்” என்ற கணக்கு, ஆறு வருடம் பேரிங்குகளை அந்த அமிலத்தோடு விட்டுவைக்கும் கணக்கு. மூடுவதற்கு முன்பு ஒரு தடவை, திறந்து ஓட்டுவதற்கு முன்பு ஒரு தடவை என இரண்டு முறையும் மாற்றத்தான் வேண்டும்.

“எவ்வளவு ஆயில் ஊத்துறோமோ அவ்வளவு நல்லது”

ஆபத்தான நம்பிக்கை. அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சினில் ஒரு சிலிண்டரின் பங்கு சுமார் 372 சி.சி. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 50, 60 மில்லி அளவுதான். காற்று அமுங்கும், எண்ணெய் அமுங்காது. தாராளமாக 100 மில்லி ஊற்றி வைத்து, வருடங்கள் கழித்து அதை மறந்து பிளக்கைப் போட்டு செல்ஃப் அடித்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சிலிண்டருக்கு இரண்டு மேஜைக்கரண்டி, அதாவது 30 மில்லி போதும். விட்டபின் பிளக் துளை திறந்திருக்கும்போதே இரண்டு சுற்று மெதுவாகத் திருப்பினால் எல்லாப் பக்கமும் பரவிவிடும்.

“பாலிதீன் சுத்தி இறுக்கிக் கட்டிட்டா காத்து போகாது”

சாதாரண பாலிதீன் உறைக்குள் மாட்டிக்கொண்ட காற்றில் ஏற்கெனவே ஈரம் இருக்கிறது. கட்டிய இடைவெளிகள் வழியாக மேலும் வரும். பகலில் சூடாகி, இரவில் குளிரும்போது அந்த ஈரம் இரும்பின் மேல் வியர்த்து நிற்கும், வெளியேற வழி இருக்காது. மழைக்காலத்தில் கட்டிய பொதி இன்னும் மோசம். இதற்கு வெறும் தார்ப்பாயே மேல்.

உறை வேண்டாம் என்பதல்ல. உறைக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இருக்க வேண்டும், அல்லது வி.சி.ஐ. பேப்பர் இருக்க வேண்டும். பேரிங் பெட்டியைத் திறந்தால் வரும் மெழுகுத்தாள் போன்ற அந்தத் தாளிலிருந்து கிளம்பும் ஆவி உலோகத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத காப்பாகப் படியும். மூடிய இடத்தில்தான் அது வேலை செய்யும். சிலிக்கா ஜெல்லில் நிறம் மாறும் மணிகளை வாங்குவது நல்லது. நீலம் இளஞ்சிவப்பானால் நிரம்பிவிட்டது என்று பொருள். சுமார் 120 டிகிரி சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் உலர்த்தினால் திரும்பவும் உறிஞ்சும். சமையலுக்குப் பயன்படுத்தும் அடுப்பிலும் பாத்திரத்திலும் மட்டும் இதைச் செய்யக் கூடாது.

உறையைவிட முக்கியமானவை துளைகள். மேனிஃபோல்டு துளைகளில் பனியன் வேஸ்ட்டைச் சுருட்டி அடைப்பது பட்டறைகளில் வழக்கம். பஞ்சு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எலிக்கு அது மெத்தை. மறந்துபோய் எஞ்சினை மாட்டிவிட்டால் வால்வு வழியே உள்ளே இழுக்கப்படும். அடைக்காமல் விட்டால் குளவி வந்து களிமண்ணால் கூடு கட்டும். பிளக் துளைக்குள் காய்ந்து உதிரும் அந்த மண் போரைக் கீறிவிடும். தகரமோ பிளைவுட்டோ வெட்டி, கேஸ்கட் வைத்து போல்ட் போட்டு மூடுவதே சரி.

அப்போதும் உள்ளே ஒரு வழி திறந்திருக்கும். நான்கு சிலிண்டர் எஞ்சினை எப்படி நிறுத்தினாலும் ஏதாவது ஒரு வால்வு திறந்தேதான் நிற்கும். டேப்பெட் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி புஷ் ராடுகளை எடுத்துவிட்டால் எல்லா வால்வுகளும் மூடிக்கொண்டு நான்கு சிலிண்டர்களும் தனித்தனிப் பெட்டிகளாகிவிடும். ராக்கர் ஷாஃப்ட்டையே கழற்றிவிடலாமே என்று தோன்றும். அம்பாசடர் எஞ்சினில் அதைச் செய்யக் கூடாது. ராக்கர் தாங்கிகளைப் பிடிக்கும் நட்டுகளில் சில, ஹெட்டையும் பிடிக்கும் நட்டுகள். அவற்றைத் தளர்த்தினால் ஹெட் கேஸ்கட்டின் பிடி விட்டுப்போகும். எடுத்த புஷ் ராடுகளை அட்டையில் துளையிட்டு, வந்த வரிசையிலேயே செருகி வைக்க வேண்டும்.

தண்ணீரை வடித்துவிட்டால் போதும் என்பதும் முழு உண்மையல்ல. வடித்த பிளாக்கின் உள்ளே ஈரச் சேறு தங்கும். முழுதும் காற்றடித்து உலர்த்த வேண்டும், அல்லது கூலண்ட் கலவையை நிரப்பி மூட வேண்டும். அரைகுறையாக விடுவதுதான் மிகக் கெடுதல். கார்புரேட்டரில் பெட்ரோலை ஒரு சொட்டுகூட விடக் கூடாது. இன்று பங்க்குகளில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும். கிளட்ச் பிளேட் மாட்டியிருந்தால் கழற்றி வைக்க வேண்டும், இல்லையென்றால் பிளைவீலோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். சம்ப் தரையில் அமரும்படி எஞ்சினை வைக்கக் கூடாது. மெல்லிய தகடு நசுங்கும், கீழிருந்து வரும் ஈரமும் ஏறும். பிளாக்கைத் தாங்கும் மரச் சட்டம் ஒன்று போதும்.

இத்தனையும் செய்த எஞ்சினை “ஜீரோ கிலோமீட்டர்” என்று நம்பி அப்படியே வண்டியில் ஏற்றுவதும் சரியல்ல. ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகும். ஆயில் சீல்கள், ஹோஸ்கள், மாருதி 800-இல் டைமிங் பெல்ட் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டுத்தான் தொடங்க வேண்டும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் காட்டும்வரை செல்ஃபில் சுற்றி, அதன் பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். காப்பு எண்ணெய் எரிந்து முதலில் வெள்ளைப் புகை வரும். பயப்பட ஒன்றுமில்லை.

மூடிய நாள், விட்ட எண்ணெயின் பெயர், தளர்த்திய டேப்பெட், கழற்றிய புஷ் ராடு, வடித்த தண்ணீர், எஞ்சின் எண் எல்லாவற்றையும் ஓர் அட்டையில் எழுதி எஞ்சினிலேயே கம்பியால் கட்டுங்கள். வாங்கிய பில்லின் நகலும் அதோடு இருக்கட்டும். வண்டியில் மாற்றும்போது ஆர்.சி.யில் எஞ்சின் எண்ணைத் திருத்த அது தேவைப்படும். டைரியில் எழுதி வைத்தால் போதாது. ஆறு வருடம் கழித்து அந்தத் தார்ப்பாயை விலக்குபவர் வேறொருவராக இருக்கலாம்.