விவிலியச் சொல் அறிவோம்: மீட்பு

'மீட்பு' என்றதும் ஆன்மா விண்ணகம் சேர்வதையே நினைக்கிறோம். ஆனால் அடகு வைத்த நகையையும் நாம் 'மீட்கிறோம்' அல்லவா? விவிலியத்திலும் இச்சொல் காணியோடும் குடும்பத்தோடும் ஒட்டியது.

எபிரேயத்தில் மீட்பவர் 'கோயேல்'. வறுமையால் ஒருவர் காணியை விற்றால், நெருங்கிய உறவினர் அதை மீட்க வேண்டும் (லேவியர் 25:25). நிலம் ஆண்டவருடையது, ஆகவே அறுதியாக விற்கலாகாது (25:23). கைம்பெண் நகோமியின் வயலைப் போவாசு மீட்டதும் இம்முறைப்படியே (ரூத்து 4).

எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த வேளையில், காவலில் இருந்த எரேமியா தம் உறவினரின் நிலத்தை 17 செக்கேல் வெள்ளிக்கு வாங்கினார். உறுதியை மண்பாண்டத்தில் வைத்துக் காக்கச் சொன்னார் (எரேமியா 32). மக்கள் மீண்டும் அங்கே பயிரிடுவர் என்பதே அவரது நம்பிக்கை.

மன்னார் முள்ளிக்குளம் மக்கள் 2007இல் இடம்பெயர்ந்தனர். ஊரில் கடற்படை முகாமிட்டது. 2017இல் அவர்கள் தொடர்ந்து போராடியபின், காணிகளில் ஒரு பகுதியை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. இதுவும் மீட்புப் பணியே.

ஆகவே உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் பத்திரப்படுத்துங்கள். பதிவு செய்த உறுதி தொலைந்திருந்தால், காணிப் பதிவகத்தில் பிரதி பெறலாம்.

கலந்துரையாட:
1. நம் நடுவில் யாருடைய உறுதி தொலைந்துள்ளது?
2. கைம்பெண் ஒருவரின் காணிக்காகக் கந்தோர் ஏறி இறங்கும் 'கோயேல்' யார்?